அடைப்புக்குறிக்குள் என்ன போட?

முரளிதரன் படித்த படிப்பின் பெயரை அவன் அம்மா பத்மாவால் இன்றுவரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததில்லை. யாராவது கேட்டால், "ஏசி, பிரிட்ஜி சம்பந்தப்பட்டது. டிகிரிதான்" என்பாள். யாரோ இல்லை என்று மறுத்துவிட்ட மாதிரி அந்த 'டிகிரிதான்' கொஞ்சம் அழுத்தமாக வரும்.

படிப்பு பி.வோக். தொழிற்கல்விப் பட்டம், குளிர்சாதனத் தொழில்நுட்பத்தில் மூன்று வருஷம். அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு அப்பாவோடு விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "வெறும் டிகிரி படிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கறதுக்கு இதப் படிக்கட்டும். கையில தொழிலும் இருக்கும், பேருக்குப் பின்னால பட்டமும் இருக்கும்" என்றார். அப்பா சாமிநாதனுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அவர் திருத்தணி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருஷமாகச் சேலை விரித்துப் போடுகிறவர். முந்தானையும் நன்றாக இருந்து உடம்பும் நன்றாக இருக்கிற சேலையை யாரும் வேண்டாமென்று மடித்து வைத்ததில்லை.

இரண்டும் இருந்ததுதான் பின்னால் வினையாயிற்று. ஆள் எடுக்கிற இடங்களில் முதல் கேள்வி, "ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருக்கா?" இல்லை. இரண்டாவது கேள்வி, "அப்போ பி.இ.யா?" அதுவும் இல்லை. "அப்ப இது இன்னாபா?" என்று காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். மெஷினில் நிற்க இவ்வளவு படித்தவன் வேண்டாம் என்பார் ஒருவர். சூப்பர்வைசருக்கு இந்தப் படிப்பு பத்தாது என்பார் அடுத்தவர். கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டாலும் அதே கதைதான். படிப்புகளின் வரிசை மேலிருந்து கீழே ஓடும், அவன் படிப்பு மட்டும் அதில் வராது. கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று இருக்கும். அதை அழுத்துவான்.

ஒரேயடியாக வேலையே பார்க்காதவன் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகப் பதினோரு மாதம் இருந்தான். பன்னிரண்டாவது மாதம் பிறப்பதற்குள் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒருமுறை அப்ரண்டிஸாக இருந்தவனை இன்னொரு இடத்தில் அப்ரண்டிஸாக எடுக்க மாட்டார்கள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்தது ஒரு கான்டிராக்ட் வேலை. அது கொரோனாவில் போயிற்று. இப்போது கோடையில் மட்டும் ஏசி மெக்கானிக் துளசிங்கத்தோடு லாட்ஜுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போகிறான். துளசிங்கம் படித்தது எட்டாவது. "டிகிரி, அந்த ஸ்பானர எடு" என்று கூப்பிடுவார். கிண்டல்தான், கெட்ட எண்ணம் கிடையாது. மழை விழுந்துவிட்டால் துளசிங்கத்துக்கே வேலை இருக்காது.

மற்ற மாதங்களில் முரளி வீட்டில் இருக்கிறான். விடிகாலை மின்சார ரயிலுக்கு ஓடுகிறவர்களின் செருப்புச் சத்தம் தெருவில் கேட்கும்போது எழுந்துவிடுவான். தண்ணீர் பிடிப்பான். ரேஷனுக்கு நிற்பான். தெருவில் யார் வீட்டுக் கரண்ட் பில்லும் ஆதார் திருத்தமும் அவன் பொறுப்பு. ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் வேலை விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் அவன்தான். அதில் இரண்டு பேருக்கு வேலையும் கிடைத்தது. "முரளி சும்மாதான் கீறான், அவனக் கூப்டு" என்பது தெருவில் எல்லாருக்கும் வாய்ப்பழக்கமாகிவிட்டது. வயது இருபத்தொன்பது.

அவன் தங்கை தீபாவுக்கு அந்த வருஷம் ஆனி மாதத்தில் இடம் அமைந்தது. தீபா நர்சிங் படித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை திலீப் பள்ளிப்பட்டுக்காரன். அரக்கோணத்தில் லேப் டெக்னீஷியன். பெண் பார்க்க வந்தபோது திலீபின் சித்தப்பா விஜயன்தான் எல்லாப் பேச்சும் பேசினார். பேச்சுவாக்கில், "பையன் இன்னா பண்றாரு?" என்று முரளியைக் காட்டிக் கேட்டார்.

முரளி அப்போது காபித் தட்டோடு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"சென்னையில ஏசி கம்பெனி. இன்ஜினியரு" என்றார் சாமிநாதன். சாயம் போகாது, நான் கேரண்டி என்று கடையில் சொல்கிற அதே குரல்.

அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டாள். தீபா குனிந்த தலையை இன்னும் குனிந்தாள். முரளி தட்டை நீட்டினான். விஜயன் டம்ளரை எடுத்துக்கொண்டு, "நல்லது தம்பி, நல்லது" என்றார்.

அவர்கள் போனதும் பத்மா பிடித்துக்கொண்டாள். "எதுக்கு இப்டி ஒரு பொய்யி?"

"வாயில வந்துட்ச்சி. இன்னா பண்ணச் சொல்றே? மூத்தவன் சும்மா கீறான்னு சொன்னா, நாளைக்கு இவனும் நம்ம பொண்ணு சம்பளத்துலதான் சாப்புடுவான்னு நெனைக்க மாட்டாங்களா?"

அது யார் மனதிலும் இல்லாத பேச்சல்ல. முரளி எழுந்து போய்த் தண்ணீர்க் குடத்தை இடம் மாற்றி வைத்தான்.

பெண் பார்க்கிற அன்றைக்குச் சொன்னது காற்றோடு போயிருக்கும். ஆனால் கல்யாணம் என்றால் பத்திரிகை உண்டு. பத்திரிகை என்றால் பெயருக்குப் பின்னால் படிப்பும், அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வேலையும் போட வேண்டும். அந்தப் பக்கத்து ஊர்களில் கல்யாணத்துக்கு வராதவர்கள்கூட அந்த வரிகளை விரல் வைத்துப் படிப்பார்கள். ஆடி கடைசியில், கிருத்திகைக் கூட்டம் வடிந்த வாரம், அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது. சகோதரர் என்கிற இடத்தில் S. முரளிதரன், B.E., என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் இன்ஜினியர், சென்னை என்று இருந்தது. சாமிநாதன் எழுதிக் கொடுத்தபடியே அடித்திருந்தார்கள்.

"படிப்பையுமா மாத்துனே நைனா?" என்றான் முரளி.

"பி.வோக்குன்னு போட்டா நாலு பேரு நாலு கேள்வி கேப்பான். பி.இ.ன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"மொதப் பத்திரிகை மலைக்குப் போவுது. முருகன் கால்ல வைக்கப் போறோம். ஞாபகம் கீதா உங்களுக்கு?" என்றாள் பத்மா. திருத்தணியில் எந்தக் கல்யாணமானாலும் முதல் பத்திரிகை மலைமேல் சாமிக்குத்தான். அதற்குப் பிறகுதான் மாமன் வீடு, மச்சான் வீடு எல்லாம்.

"சாமிக்குத் தெரியாததா? அவரு ஒண்ணும் கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, சாமிநாதன் மாதிரியை செல்போனில் படம் பிடித்துச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு வீட்டாரும் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அச்சு ஓடும்.

முரளி மாதிரியை மடித்து வைத்தான். தங்கை கல்யாணம். தன் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து மாறிப் போனால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். கல்யாணத்தன்று யாராவது கம்பெனி பேர் கேட்டால் பந்தி பரிமாறப் போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை விஜயனிடமிருந்து போன் வந்தது. "தம்பி, ஞாயித்துக்கெழம, லீவுதான? வீட்லதான் இருப்பே? நானும் என் பையனும் வந்துகினு கீறோம். ஒரு சின்ன வேலை."

பதினோரு மணிக்கு வந்துவிட்டார்கள். சாமிநாதன் கடையில், தீபா டியூட்டியில். விஜயனுக்குப் பின்னால் வந்தவன் அருண்பாண்டியன், இருபத்து மூன்று வயது. சட்டையை மடிப்புக் கலையாமல் பேண்டுக்குள் செருகியிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, அதை இரண்டு தடவை ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தான். கையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் ஃபைல்.

அந்த ஃபைலைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார்கள் என்று முரளிக்குத் தெரிந்துவிட்டது.

"பாலிடெக்னிக் முடிச்சிகீறான் தம்பி. மெக்கானிக்கல். ரெண்டு வருசம் ஆவுது" என்றார் விஜயன். "கார்டு பாத்தேன். இன்ஜினியர், சென்னைன்னு இருந்துச்சா, வூட்டுக்காரி புடிச்சிகினா. 'நம்ம வூட்டுக்கு இப்டி ஒரு ஆளு வராரு, ஒரு வார்த்த கேட்டா இன்னா, வாய் தேஞ்சா பூடும்'ன்றா. இவன் வர மாட்டேன்னான். நான்தான் இஸ்துகினு வந்தேன்."

"சும்மா இருப்பா" என்றான் அருண்பாண்டியன் தரையைப் பார்த்து.

முரளி ஃபைலை வாங்கினான். வாங்காமல் இருந்திருக்கலாம். கை தானாக நீண்டுவிட்டது. திறந்தால் எல்லாம் அவனுக்குப் பழகிய வரிசை. முதல் உறையில் ரெஸ்யூம். அடுத்து பத்தாவது, பன்னிரண்டாவது, டிப்ளமோ. ஒவ்வொன்றும் பத்துப் பத்து நகல், குண்டூசி போடாமல் கிளிப் போட்டு. கடைசி உறையில் சின்ன வெள்ளைக் கவரில் பாஸ்போர்ட் போட்டோ. போட்டோவில் இருந்தவன் இப்போது எதிரில் இருந்தவனைவிடச் சதைப்பிடிப்பாக இருந்தான். இதே மாதிரி ஒரு ஃபைல் உள்ளே பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. அதன் நிறம் மட்டும் பச்சை.

"எங்கெங்க போட்டிருக்கே?"

"ஒரகடம் கம்பெனிங்கள்ல நாலு எடம்ணா. அப்ரண்டிஸ் ஒரு வருசம் பண்ணேன். அப்பறம் ஐ.டி. கார்ட வாங்கிகினாங்க."

"ஐ.டி.ஐ. இருக்கான்னு கேட்டிருப்பாங்களே."

அருண்பாண்டியன் நிமிர்ந்து பார்த்தான். "ஆங். எப்டிணா தெரியும்?"

பத்மா காபி கொண்டுவந்து வைத்தாள். விஜயன் டம்ளரை எடுத்து ஆற்றிக்கொண்டே, "உன்ன போன் பண்ணித் தொந்தரவு பண்ண மாட்டான் தம்பி. அந்த மாதிரிப் பையன் இல்ல. நீயா கூப்பிடறவரைக்கும் காத்துகினு இருப்பான்" என்றார்.

காத்திருப்பது என்றால் என்னவென்று முரளிக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால், அம்மையார்குப்பத்துச் சொந்தக்காரர் ஒருத்தர், தான் வேலை பார்க்கிற கம்பெனியில் சொல்லி வைப்பதாக இதே மாதிரி ஃபைலை வாங்கிக்கொண்டு போனார். முரளி எட்டு மாதம் காத்திருந்தான். குளிக்கப் போனால் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவான். துளசிங்கம் கூப்பிட்ட ஒரு நல்ல வேலையைக்கூட, இவர்கள் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று விட்டான். ஒரு சாவு வீட்டில் அந்த ஆளையே பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஆளுக்கே அங்கே வேலை போய் ஒரு வருஷமாகியிருந்தது. ஃபைலை வாங்கிக்கொண்ட அன்றைக்கே அவர் வேலையில் இல்லை. கேட்டதற்கு, "உன் மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல முடியல முரளி" என்றார்.

முரளி கிளிப்புகளைச் சரி செய்து ஃபைலை மூடினான். தீபாவை நினைத்தான். முகூர்த்தப் புடவையை நேற்றுத்தான் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதை நினைத்துக்கொண்டேதான் வாயைத் திறந்தான்.

"மாமா, நான் எந்தக் கம்பெனிலயும் இல்ல."

விஜயன் சிரித்தார். "வெளயாடாத தம்பி."

"நெசம் மாமா. நைனா சொன்னது பொய்யி. நான் பி.இ. இல்ல. பி.வோக். ஏசி மெக்கானிக் ஒருத்தரு கூட வெயில் காலத்துல போவேன். மத்த நேரம் வூட்லதான் கீறேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. விஜயன் டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி இருந்தது.

"அப்போ கார்டுல போட்டது?"

"தப்பு."

"பொண்ணு படிச்சது?"

"அது நெசம். நர்சிங், வேலை, எல்லாம் நெசம். அவளுக்கு இதுல ஒண்ணும் இல்ல மாமா. கோவம் இருந்தா என்மேல வையுங்க."

விஜயன் எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். திட்டுவார் என்று முரளி எதிர்பார்த்தான், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வாடா போலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். அருண்பாண்டியன் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினான். ஒரு கால் மாட்டியவன் நின்றான்.

"முடிச்சி எத்தினி வருசம்ணா?"

"எட்டு."

அவன் இன்னொரு காலையும் மாட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் போனான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சாமிநாதனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சம்பந்தி கடைக்கே போன் போட்டு நாலு வார்த்தை கேட்டு வைத்திருந்தார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு நாள் வாய மூடிகினு இருக்க முடியலியா உன்னால? ஃபைல வாங்கி உள்ள வெச்சிகினா இன்னா கொறஞ்சிடப் போவுது? கல்யாணம் முடிஞ்சப்பறம் சொல்லியிருக்கலாமே!"

"அவன் காத்துகினு இருப்பான் நைனா."

"யாரு?"

"அந்தப் பையன்."

சாமிநாதனுக்கு அது புரியவில்லை, புரிந்துகொள்கிற நிலையிலும் இல்லை. "ஊரான் புள்ளைக்குப் பாக்கற. கூடப் பொறந்தவளுக்குப் பாக்கல" என்றார். பிறகு அவனோடு பேசவில்லை.

தீபா டியூட்டி முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டு முழுதும் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, "நீ அவங்க வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும்ணா. இப்ப சொன்னது எனக்குக் கஷ்டமாத்தான் கீது" என்றாள். தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "நானும்தான் கேட்டுகினு உக்காந்திருந்தேன்."

மூன்று நாள் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. திலீப் தினமும் தீபாவுக்குப் போன் செய்கிறவன், அவனும் செய்யவில்லை. தைத்த ரவிக்கையை வாங்க யாரும் போகவில்லை. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். சாமிநாதன் வீட்டில் முரளி இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்தார். குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லவும் முரளி பயந்தான்.

நான்காம் நாள் மத்தியானம் விஜயன் ஜவுளிக்கடைக்கே நேரில் வந்தார். சாமிநாதன் விரித்திருந்த சேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். கடை வாசலில், பூக்காரிக்கும் சோடா வண்டிக்கும் நடுவில் நின்று பேசியதை அவர் அன்று சாயங்காலம் வீட்டில் வந்து சொன்னார். அவர் முழு வாக்கியமாகச் சொல்லவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது.

"அவங்க அண்ணனுக்கு, அதான் சம்பந்திக்கு, இன்னும் கோவம் தீரலயாம்... பொய் சொன்னவன் வூட்ல பொண்ணு எடுக்கணுமான்னு கேட்டாராம். மாப்ள மட்டும் நான் பொண்ணத்தான கட்டிக்கறேன்னு சொல்ட்டானாம்..." தண்ணீர் குடித்தார். "அப்பறம் இவரு சொல்றாரு. 'நான் போன மாசம் என் பையனுக்குப் பொண்ணு கேக்கப் போன எடத்துல, ஓசூர்ல வேலைல கீறான்னு சொல்ட்டு வந்தவன்தான். எந்த மூஞ்சிய வெச்சிகினு உங்கள பேசறது? அத்த எங்க அண்ணன்கிட்டயும் சொல்ட்டேன்'னாரு. உள்ளத போட்டு கார்டு அடிங்கன்னுட்டுப் பூட்டாரு. காபி வாங்கித் தரேன்னேன். வோணான்னுட்டாரு."

பத்மா தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி மலை இருக்கிற திசையில் கும்பிட்டாள்.

"முரளி" என்றார் சாமிநாதன், நான்கு நாளைக்குப் பிறகு. "அச்சாபீசுக்குப் போய் மாத்திட்டு வந்துடு."

அச்சக உரிமையாளர் பஞ்சாட்சரம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டரில் பத்திரிகையைத் திறந்தார். முப்பது வருஷமாகத் திருத்தணிக் கல்யாணங்களை அச்சடிக்கிறவர்.

"பி.இ. எடுத்துட்டு?"

"பி.வோக்."

"அது இன்னா தம்பி, புதுசாகீதே?"

"பழசுதான் சார். எட்டு வருசமாவுது."

"சரி. அடைப்புக்குறிக்குள்ள இன்னா போட?"

"ஒண்ணும் வோணாம். எடுத்துடுங்க."

பஞ்சாட்சரம் திரும்பிப் பார்த்தார். "காலியா வுட்டா எடுப்பா இருக்காது. 'பிசினஸ்'னு போட்டுடவா? வேல இல்லாத பசங்களுக்கெல்லாம் நான் அதான் போட்டுக் குடுக்கறேன். ஊர்ல பாதிப் பேரு பிசினஸ்தான்."

"வோணாம் சார்."

"ஒனக்காவ சொல்றேன். நாளைக்கு உனக்குப் பொண்ணு பாக்கறவங்க இத்த எடுத்து வெச்சிகினுதான் பாப்பாங்க."

"பாக்கட்டும் சார்."

அவர் அழித்தார். திரையில் மேலே, மாப்பிள்ளை வீட்டார் வரிசையில், V. அருண்பாண்டியன், D.M.E., என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலும் அடைப்புக்குறி இல்லை. முதல் மாதிரியில் அங்கே என்ன இருந்தது என்று முரளி நினைவுபடுத்திப் பார்த்தான். தன் வரியைத் தவிர அன்றைக்கு அவன் வேறு எதையும் படிக்கவில்லை.

ஆவணி பிறந்து முதல் திங்கட்கிழமை, முரளியும் சாமிநாதனும் படி வழியாகவே மலைக்குப் போனார்கள். சாமிநாதனுக்கு முழங்கால் வலி உண்டு. வண்டியில் போகலாம் என்றால் கேட்கவில்லை. நூறு படிக்கு ஒருதரம் நின்றார். மூன்றாவது தடவை நின்றபோது மகனின் தோளைப் பிடித்தவர் பிறகு விடவில்லை. ஏறுகிற வழியில் முரளியின் போன் ஒருமுறை துடித்தது. அருண்பாண்டியன் அனுப்பியிருந்தான்: 'அண்ணா ஒரகடத்துல வியாழக்கிழமை ஆள் எடுக்கறாங்க. ஐ.டி.ஐ. மட்டும்னு போட்ருக்கு. சும்மா போய்ப் பாக்கலாமா ரெண்டு பேரும்?' முரளி அதைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பத்துப் படி ஏறினபிறகு எடுத்து, 'வரேன்' என்று அனுப்பினான்.

சன்னிதியில் கூட்டம் அதிகமில்லை. வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாவற்றையும் தட்டில் வைத்து நீட்டினார்கள். குருக்கள் சாமிநாதன் கடையில் துணி எடுக்கிறவர், தெரிந்தவர். பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பெயர்களை வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்றார்.

"பையன் படிச்சிருக்கானே. எங்க வேலை?"

முரளி பதில் சொல்ல வாயெடுத்தான். தோளிலிருந்த கை அழுத்தியது.

"வேலை கெடைக்கல சாமி" என்றார் சாமிநாதன். கடைக் குரல் இல்லை அது. "எட்டு வருசமா தேடிகினு கீறான்."

குருக்கள் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பத்திரிகையைச் சாமியின் காலடியில் வைத்தார். திரும்பி வந்து முதலில் மகனுக்கும் பிறகு அப்பாவுக்கும் விபூதி கொடுத்தார்.

இறங்கும்போது சாமிநாதன் பாதி வழியில், நிழலாக ஒரு படி பார்த்து உட்கார்ந்தார். பையில் மிச்சமிருந்த பத்திரிகைகளை எடுத்து மகனிடம் கொடுத்து, "கடைத்தெருவுலருந்து ஆரம்பிக்கலாம். கேக்கறவங்களுக்கு நானே சொல்லிக்கறேன், நீ பேசாம வா" என்றார்.